தாலி ஏறாத கலியாணம்

முதலில் நான் கட்டினவற்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இதை எழுதுகிறவன் ஆர் என்று உங்களுக்கு விளங்காது.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பள்ளிக்கூடத்துக்குப் போட என்னிடம் ஒரு சட்டைதான் இருந்தது. அது தம்பிக்கு அளவாக வந்த அன்றோடு என் படிப்பு முடிந்தது. உடுப்பிட்டியில் இருந்து வெங்காயம் கட்டி மருதனார்மடம் சந்தைக்குச் சைக்கிள் மிதித்தேன். பிறகு ஒரு மரப்பெட்டி அச்சை வைத்துக்கொண்டு தனி ஆளாகச் சீமெந்துக் கல் அரிந்தேன். சண்டைக் காலத்தில் சீமெந்து வரவில்லை. இடிந்த வீடுகளின் கல்லைப் பொறுக்கி, ஒட்டிக் கிடந்த பழைய சாந்தைச் சுத்தியலால் தட்டிக் களைந்து திரும்ப விற்றேன். மூன்று தரம் இடம்பெயர்ந்தோம். மூன்று தரமும் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. மூன்று தரமும் போட்டேன். பாறை கண்டுவிட்டது, மூடிவிட்டுப் போ என்று கிணறு வெட்டுகிற ஆட்களே சொன்ன இடத்தில் நின்று வெட்டுவித்தேன். இன்றைக்கும் அதில் நல்ல தண்ணீர். கல் அரிகிற மெசின், கல் ஏற்ற இரண்டு ரக்ரர், சந்தியடியில் மேல்மாடிக் கடை. கடைசியாக ஒரு கலியாண மண்டபம். எஞ்சினியர் கொண்டுவந்த படத்தைப் பார்த்து, "தம்பி, உந்தத் தூண் வளையும்" என்று சொன்னது நான். வளைந்தது. இடித்துத் திரும்பக் கட்டினதும் நான்தான்.

இதுக்கெல்லாம் ஊர் எனக்குப் பேர் தந்திருக்கிறது. மறுக்கவில்லை. மண்டபத்து வாசலில் கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் செய்த வேலை ஒன்று மட்டும் மற்ற ஆட்களின் பேரில் கிடக்கிறது. என் ஒரே மகளின் கலியாணம் கோட்டு வழக்கில் போய் முடிந்ததே, அந்த வேலை. மனைவி அதை ஏழரைச் சனியின் தலையில் கட்டினாள். கோட்டிலே மகளின் தலையில் கட்டி எழுதியிருக்கிறார்கள். இரண்டும் பிழை.

மாப்பிள்ளை தென்மராட்சிப் பக்கம். விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார். தகப்பன் இல்லை, தாய் மட்டும். காணி பூமி என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு அவனைப் பிடித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை அடங்கி இருப்பான். என் வீட்டில் இன்னொரு குரல் வேண்டாம் என்றுதான் அவனைத் தேடிப் பிடித்தேன்.

எங்கள் பக்கத்தில் எழுத்து வேறு, தாலி வேறு. றெஜிஸ்ரார் வீட்டுக்கு வந்து, மேசையில் பெரிய புத்தகத்தை விரித்து, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அது எழுத்து. தாலி அதற்குப் பிறகு நாள் பார்த்து, சில வேளை மாதக் கணக்காகப் பிந்தி ஏறும். அதுவரைக்கும் பெட்டை தாய் வீட்டில்தான். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவான். வெளிநாட்டு மாப்பிள்ளைமாருக்கு விசா எடுக்கவென்று பரவின பழக்கம், பிறகு உள்ளூருக்கும் வந்துவிட்டது. நான் எழுத்தை முந்தி வைத்ததற்கு வேறு காரணம். நல்ல ஆளை இன்னொருத்தன் கொத்திக்கொண்டு போகக் கூடாது. சந்தையில் வெங்காய மூட்டைக்கு மேல் சால்வையைப் போட்டு, இது என்ரை என்று மறித்து வைக்கிறோமே, அந்த மாதிரி.

எழுத்தோடு சீதன உறுதிப் பத்திரமும் எழுதி முடித்தேன். மண்டபத்துக்குப் பின்னால், நானே அரிந்த கல்லில் கட்டின வீடு மகளின் பேருக்குப் போனது. மாப்பிள்ளைக்கு ஒரு மோட்டச்சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன், பேர் மாற்றாமல். தாலி ஏறட்டும், மாற்றுவோம் என்றிருந்தேன்.

எழுத்து கடுதாசி, தாலிதான் கலியாணம். நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் மனதில் அதுதான். எழுத்துக்குப் பிறகும் அவளை ஒருத்தரும் பெண்சாதி என்று சொல்லவில்லை. "எழுத்து முடிஞ்ச பிள்ளை" என்றுதான் சொன்னார்கள்.

பிள்ளை அந்த நாட்களில் சந்தோசமாக இருந்தாள். அதையும் எழுதத்தான் வேண்டும். மண்டபத்துக்கு நாள் பதிகிற வேலையை அவள்தான் பார்த்தாள். டயறியில் ஆர் ஆரோவின் கலியாணங்களை வடிவான எழுத்தில் எழுதுவாள். ஆவணி மாதத்தில் ஒரு நாளை மட்டும் சிவப்புப் பேனையால் வளைத்து வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். மகளின் கலியாணத்துக்கென்று சீமெந்தில் புது மணவறை கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் யானை, மேலே தாமரை. அவன் ஒரு யானையின் தும்பிக்கையைத் தடவிப் பார்த்தான்.

"மாமா, கோவிக்காதேங்கோ. எங்கடை ஊர்க் கோயிலடியிலை சின்னனாச் செய்வம் எண்டு நாங்கள் யோசிச்சனாங்கள்."

"நாங்கள் எண்டா ஆர்?"

"நானும் அவவும்தான்."

"ஏன் தம்பி, என்ரை மண்டபத்துக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை மாமா. நீங்கள் கட்டின வீட்டிலை இருக்கப்போறன். நீங்கள் வாங்கின சைக்கிளிலை ஓடுறன். தாலியையாவது என்ரை இடத்திலை கட்டுறனே."

மரியாதையாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். மேசன்மார் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் கரண்டியைச் சாந்துச் சட்டிக்குள் வைத்துவிட்டு மற்றவனைப் பார்த்தான். அந்தப் பார்வையோடு கலியாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு அது தெரியாது, மகளுக்கும் தெரியாது. யானைக்குத் தந்தம் எவ்வளவு நீளம் வைக்கிறது என்று அவனோடு பிறகும் அரை மணித்தியாலம் கதைத்தேன்.

ஏன் பிரிந்தார்கள் என்று பிற்காலத்தில் ஊரில் ஆயிரம் கதை. அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சரோடு தொடுப்பாம், தாய்க்காரி இன்னும் சீதனம் கேட்டாளாம், பொருத்தம் பிழையாகப் பார்த்துவிட்டார்களாம். ஒன்றும் இல்லை. என்னிடம் வாங்காத ஒரு பொருள் தன்னிடம் இருக்க வேண்டும் என்று அவன் விரும்பினான். எனக்கு அது பொறுக்கவில்லை. காரணம் அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மனைவியையும் மகளையும் உடுப்பிட்டியில் ஒரு செத்தவீட்டு அந்தியேட்டிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக இருந்தேன். அவன் வந்து கேற்றைத் தட்டினான். நான் உள்ளே நின்றேன், அவன் வெளியே நின்றான். கேற் பூட்டியிருந்தது.

"அவளுக்கு நீர் வேண்டாமாம், தம்பி."

அவன் முகத்தில் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பகிடி என்று நினைத்துவிட்டான்.

"என்ன மாமா கதைக்கிறியள்? அவவைக் கூப்பிடுங்கோ."

"கூப்பிட ஏலாது."

"அவவே சொல்லட்டும், நான் போறன்."

"பொம்பிளைப் பிள்ளை றோட்டுக்கு வந்து நிண்டு சொல்லுமோ? உமக்குத் தங்கச்சி இருந்தா வாசலிலை விட்டுச் சொல்லுவிப்பீரோ?"

அவன் எனக்குப் பின்னால் வீட்டு யன்னலைப் பார்த்தான்.

"சைக்கிள் திறப்பைத் தந்திட்டுப் போம். அது இன்னும் என்ரை பேரிலைதான் கிடக்கு."

கேற் கம்பிக்குள்ளால் திறப்பை நீட்டினான். கெஞ்சவில்லை, அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வெள்ளை வேட்டியோடு வெயிலுக்குள் சந்தி மட்டும் நடந்து போனான். மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் மகள் வந்தாள். "அவன் வந்தவன். தன்ரை ஊரிலைதான் கலியாணம், இல்லாட்டி வேண்டாமெண்டு சொல்லிச் சைக்கிளையும் விட்டிட்டுப் போட்டான்" என்றேன். "என்னைக் கேக்கேல்லையோ?" என்றாள். "உன்னைப் பற்றி ஒரு சொல் கேக்கேல்லை" என்றேன். அவள் போனை எடுத்தாள். நான் கையை நீட்டினேன். "அவன் முதலிலை என்னட்டை வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அதுமட்டும் போன் என்னட்டை இருக்கட்டும்." என் வீட்டில் பூட்டுப் போட்ட போன் ஒருத்தரும் வைத்திருக்கிறதில்லை. அது நான் வைத்த சட்டம். அவள் தந்தாள். இரும்புப் பெட்டிக்குள் வைத்தேன்.

அது அங்கே கிடந்து அடித்தது. ஐந்து நாள் அடித்தது. வெள்ளிக்கிழமை அடிப்பு நின்று ஒரு மெசேச் வந்தது. எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். "உமக்கு என்னை வேண்டாம் என்று மாமா சொன்னார். நீர் சொன்னால் மட்டும்தான் நம்புவேன். உண்மையா?"

நான் அதுக்கு முதல் போனில் ஒரு எழுத்தும் எழுதினது இல்லை. பிறகும் எழுதினது இல்லை. உண்மைதான் என்று சொல்ல ஒற்றை விரலால் தேடித் தேடி, ஓ குத்தினேன், பிறகு ம். "ஓம்." அனுப்பிவிட்டு, அவன் எழுதினதையும் நான் எழுதினதையும் அவன் அடித்ததற்கு இருந்த அடையாளங்களையும் அழித்தேன். இனி அவன் எடுக்கமாட்டான் என்ற துணிவில் போனை அடுத்த நாள் மகளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் அடித்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் எடுபடவில்லை. அவன் இவளின் நம்பரைத் தன் போனில் அடைத்துவிட்டான்.

பிறகு வந்த மாதங்களை நான் கிட்ட நின்று பார்த்தவன். கொங்கிறீற் போட்டவன் நனைத்து நனைத்துப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். முதலில் அவள் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலை வாரி, பூ வைத்து, பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாள். அவன் குடிக்கிற கோப்பையைக் கழுவி வைப்பாள். நாலு ஞாயிறு அப்படி. பிறகு சனிக்கிழமைகளில் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகத் தொடங்கினாள். வெற்றிலை மாலை, வடை மாலை, விரதம். நேர்த்தி வைத்தால் ஆள் வருவான் என்று பேரம். நான்தான் வாசல் மட்டும் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். உள்ளே போய் அவள் என்ன கேட்கிறாள் என்று தெரிந்துகொண்டே வெளியில் நின்று கச்சான் கடலை சாப்பிட்டேன்.

அதுக்குப் பிறகுதான் கோபம் வந்தது. கூறைச்சேலையை எடுத்து வீட்டு வேலைக்கு வருகிற மனிசியிடம் கொடுத்துவிட்டாள். கோப்பையைக் கிணற்றடியில் போட்டு உடைத்தாள். "ஆம்பிளையோ அவன்? ஒரு வசனம் சொல்லிப்போட்டுப் போக ஏலாதோ?" என்று தாயிடம் கத்தினாள். எனக்கு நிம்மதி. கோபம் அவன் பக்கம் திரும்பினால் என் வேலை முடிந்தது.

மனைவி மட்டும் ஒரு நாள் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பெடியன் அப்பிடிச் சொல்லியிருப்பானே? உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?"

"கேற்றடியிலை நிண்டது நானோ நீரோ?"

அன்றைக்கே அவள் சாத்திரியிடம் போனாள். மகளுக்கு ஏழரைச் சனி என்று அவர் சாதகக் குறிப்பைப் பார்த்துச் சொன்னார். மனைவிக்கு மறுமொழி கிடைத்துவிட்டது. பிறகு என்னை ஒன்றும் கேட்கவில்லை.

லண்டனில் ஒரு மாப்பிள்ளையைத் தரகர் கொண்டுவந்தார். சரி என்றேன். அந்த எழுத்துக் கடுதாசியைக் கிழித்துவிட்டால் போதும் என்பதுதான் என் எண்ணம். எதுக்கும் சட்டம் தெரிந்த ஒராளிடம் கேட்போம் என்று யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு அப்புக்காத்து அம்மாவிடம் போனேன். என்னைவிட முப்பது வயது குறைவு. கண்ணாடிக்கு மேலால் பார்த்தா.

"ஐயா, நீங்கள் எழுத்து எண்டு சொல்லுறியளே, அதுதான் கலியாணம். சட்டத்துக்குத் தாலியைத் தெரியாது. கையெழுத்து வைச்ச அண்டையிலையிருந்து மகள் அவருடைய மனைவி."

"ஒரு நாள் கூட ஒண்டா இருக்கேல்லை, அம்மா."

"இருக்கத் தேவையில்லை."

"அப்ப கடுதாசியைக் கிழிச்சுவிடுவம்."

"கிழியுங்கோ. உங்களிட்டை இருக்கிற பிரதி கிழியும். றெஜிஸ்ரார் கந்தோரிலை இருக்கிற புத்தகம் கிழியாது."

"நான் லண்டனுக்குக் கட்டிக் குடுத்தா?"

"ஒரு புருசன் இருக்க இன்னொருத்தரைக் கட்டின குற்றம். மகள் சிறை மறியலுக்குப் போகலாம். போகேக்கை உங்களையும் கூட்டிக்கொண்டு போவா."

அந்தக் கதிரையில் இருந்துதான் முதன்முதல் எனக்கு விளங்கியது, தென்மராட்சியில் ஒரு வாத்தியார் சும்மா இருந்துகொண்டே என் மகளைக் கட்டி வைத்திருக்கிறான் என்று. அதோடு விடவில்லை அந்த அம்மா. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி, அந்தச் சீதன வீட்டை மகள் விற்கிறது என்றாலும் ஈடு வைக்கிறது என்றாலும் புருசன் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். நான் அரிந்த கல், நான் போட்ட கூரை, அவன் கையெழுத்து.

"டிவோர்ஸ் எடுப்பம். என்ன காரணம் போடலாம்?" என்றேன்.

"மூண்டே மூண்டுதான். பிறத்தியாரோடை தொடர்பு. கெட்ட எண்ணத்தோடை விட்டிட்டுப் போறது. இல்லாட்டி, கலியாணம் முடிக்கேக்கையே இருந்த, தாம்பத்தியத்துக்கு ஏலாத குறை."

"மூண்டாவதைப் போடுங்கோ."

"ஒரு நாள் கூட ஒண்டா இருக்கேல்லை எண்டு இப்பதானே சொன்னனீங்கள்? பிறகு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பக்கத்து மேசையில் ரைப் பண்ணிக்கொண்டிருந்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது.

"ரெண்டு பேருக்கும் விருப்பமில்லை எண்டு போட்டா?"

"விருப்பமில்லை எண்டது காரணமில்லை ஐயா. ஆரோ ஒராள் குற்றவாளி எண்டு காட்ட வேணும்."

எனக்கு அந்தச் சட்டம் பிடித்தது. விட்டுவிட்டுப் போன குற்றத்தை அவன் மேல் போட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்தோம். மகள் காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தாள். அப்போது கோபமும் போய்விட்டது அவளுக்கு. நின்றுகொண்டே சாப்பிட்டாள். கேட்டால் மறுமொழி சொல்லுவாள், கேட்காவிட்டால் இல்லை. ஆனால் மண்டபத்து டயறியை விடவில்லை. மற்றவர்களின் கலியாணங்களை அதே வடிவான எழுத்தில் பதிந்துகொண்டே இருந்தாள். கலியாண நாட்களில் முன்பக்கம் வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சனம் சகுனம் பார்க்கும். "சரி" என்றாள். நாதசுரம் கேட்கிற நேரமெல்லாம் அவள் பின்பக்கம் குசினியில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் பக்கத்தில் இருந்து மறுமொழி வந்தது. தான் விட்டுப் போகவில்லையாம், அவள்தான் தன்னை விட்டவளாம், ஆனபடியால் விவாகரத்துத் தனக்குத் தரவேண்டுமாம். அத்தாட்சிக்கு அவனுடைய போனில் இருந்து எடுத்த ஒரு கடுதாசி. அவன் கேட்ட கேள்வி, கீழே "ஓம்", நாளும் நேரமும் சேர்த்து. மகளின் போனில்தான் நான் அழித்தேன், அவனுடைய போனில் அது அப்படியே கிடந்திருக்கிறது. இந்த வயதில் எனக்கு அது ஆர் சொல்லித் தந்தார்கள்?

அப்புக்காத்து அம்மா என்னை மட்டும் கூப்பிட்டுக் காட்டினா. "உது ஆர் எழுதினது? மகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் கேக்கவேணும்."

"அவள்தான். கோவத்திலை எழுதிப்போட்டாள். அவளை உதுக்கெண்டு அலைக்காதேங்கோ, கூட்டிலை ஏறினாப் பிறகு தானே விளங்கப்படுத்துவாள்."

மகளுக்கு நான் சொல்லவில்லை. சொல்லுகிற சொல் என்னிடம் இருக்கவில்லை. கட்டிடத்தில் ஒரு வெடிப்புக் கண்டால் மேலே பூசிவிட்டுத் திறப்பு விழாவை முடித்துவிட வேண்டும், அதுதான் எனக்குப் பழக்கம்.

வழக்கு தவணை தவணையாகப் போய், ஒரு வருசத்துக்கு மேல் கழித்துச் சாட்சி விளக்கத்துக்கு வந்தது. மகள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சாட்சிக் கூட்டில் ஏறினாள். அவன் மற்றப் பக்கத்து வாங்கில், மெலிந்துபோய், ஒரு பைலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். எழுத்துக்குப் பிறகு அவர்கள் ஒரே கூரைக்குக் கீழே இவ்வளவு நேரம் இருந்தது அன்றைக்குத்தான்.

அவனுடைய அப்புக்காத்து எழும்பி அந்தக் கடுதாசியைக் கொடுப்பித்தார்.

"இது உங்கடை நம்பர்தானே?"

"என்ரைதான்."

"இந்தக் கேள்விக்கு 'ஓம்' எண்டு பதில் எழுதினது நீங்கள்தானே?"

அவள் கடுதாசியை வாசித்தாள். கேள்வியை வாசித்தாள், உதடு அசைந்தது. அவன் தன்னைக் கேட்டிருக்கிறான் என்று அந்த இடத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. பிறகு நாளைப் பார்த்தாள். அந்தக் கிழமை போன் ஆருடைய இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் தலை குனியவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன், நான் குனியவில்லை.

இல்லை என்று சொன்னால், ஆர் என்று கேட்பார்கள். ஆர் என்று சொன்னால், அவன் தன்னை விட்டுப் போகவில்லை, இவளும் அவனை விடவில்லை, ஒருத்தரிலும் குற்றம் இல்லை, விவாகரத்தும் இல்லை, என் மதிலுக்குள் இருந்து வெளியே போக அவளுக்கு வழியும் இல்லை. தகப்பன் பிரித்தான் என்று ஒரு காரணம் அந்த மூன்றுக்குள் கிடையாது. இவ்வளவையும் அவள் அந்தக் கூட்டில் நின்று, கடுதாசியை மடிக்கிற நேரத்துக்குள் யோசித்து முடித்தாள். என் பிள்ளை அல்லவா.

"பதில் சொல்லுங்கோ, பிள்ளை" என்றார் நீதிபதி, மெல்லமாக.

"ஓம். நான்தான் எழுதினது."

எங்கள் அப்புக்காத்து அம்மா பேனையை மேசையில் வைத்துவிட்டா. நியாயமான காரணம் இல்லாமல் புருசனை விட்டவள் என்று மகளைக் குற்றவாளியாக்கி, அவனுக்கு விவாகரத்துத் தீர்ந்தது. முதலில் ஒரு தீர்ப்பு, மூன்று மாதம் கழித்து அது முற்றாகும் என்றார்கள். இடையில் மனம் மாறுகிற ஆட்களுக்கு இடம் விட்டு வைத்திருக்கிற சட்டமாம்.

வெளியில் வாகை மர நிழலில் அவன் அவளுக்குக் கிட்ட வந்தான். நான் நாலு அடி தள்ளிக் குடையோடு நின்றேன்.

"அண்டைக்கே நேரை சொல்லியிருக்கலாம். நான் வந்து உங்கடை வாசலிலை நிண்டிருக்க மாட்டன்" என்றான். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான்.

"என்ரை பிழைதான். நீங்கள் நல்லா இருங்கோ" என்றாள்.

நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். மூன்று மாதம் இருந்தது. தென்மராட்சிக்குப் பஸ்ஸில் போனாலும் ஒரு மணித்தியாலம். மூன்று மாதமும் நான் மணவறை யானைக்குத் தங்கப் பூச்சு அடிப்பித்தேன்.

தீர்ப்பு முற்றான கிழமை, அளக்கிற நாடாவோடு முன்பின் தெரியாத ஒருத்தர் சீதன வீட்டு வளவுக்குள் நின்றார். ஆர் நீர் என்று கேட்டேன். வாங்கியிருக்கிறேன் என்று உறுதியைக் காட்டினார். என் மகளின் கையெழுத்து, அதே வடிவான எழுத்து. நொத்தாரிசிடம் ஓடினேன்.

"அவ இப்ப ஒருத்தற்றையும் மனைவி இல்லை ஐயா. ஒருத்தற்றை சம்மதமும் தேவையில்லை."

"நான் தேப்பன்!"

"தேசவழமையிலை புருசன்ரை சம்மதம்தான் இருக்கு. தேப்பன்ரை சம்மதம் எண்டு ஒண்டு இல்லை."

வீட்டுக்கு வந்தால் அவள் ஒரு பையை மட்டும் கட்டி வைத்திருந்தாள். மட்டக்களப்பில் ஒரு வேலை கிடைத்திருக்கிறதாம். தாய் அழுதுகொண்டு, "எல்லாம் அந்தச் சனி செய்த வேலை, சனி செய்த வேலை" என்று சுவரோடு தலையை முட்டினாள். எனக்குச் சனியின் பேரைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. மகளைத் தனியே கூப்பிட்டேன்.

"அண்டைக்குக் கோட்டிலை ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"எதை?"

"அந்த ஓம்."

"அது நான் எழுதினதுதானே" என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. "கோட்டிலை பதிஞ்சிருக்கு."

"பிள்ளை, அது..."

"பதிஞ்சிருக்கு" என்றாள் திரும்பவும். பையைத் தூக்கினாள். அப்பா என்று கூப்பிடாமல், போட்டுவாறன் என்றும் சொல்லாமல், சந்தி மட்டும் வெயிலுக்குள் நடந்து போனாள். மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்னிடம் கோபித்திருந்தால் எனக்குப் பரவாயில்லை. கோபம் வந்தால் தணியும், அதை நான் பார்த்திருக்கிறேன். அவள் அந்தச் சொல்லையே என்னிடம் இருந்து பறித்துக்கொண்டு போனாள். பிறகு நான் அப்புக்காத்து அம்மாவிடம் போய், பதிவைத் திருத்தலாமோ, அதை எழுதினது நான் என்றேன். அவ திறந்திருந்த பைலை மூடினா. "தீர்ந்த வழக்கு, ஐயா. அவரும் இப்ப வேறை கலியாணம் கட்டிட்டார். ஆருக்காகத் திருத்தப்போறியள்?" என்றா. இன்னொன்றும் சொன்னா: "ஏழு வயதுப் பிள்ளை மாதிரி நிக்காதேங்கோ. வீட்டை போங்கோ."

போகவில்லை நான். எழுதுகிறேன். ஒற்றை விரலால் இல்லை, முழுக் கையாலும் எழுதுகிறேன்.

சனிக்கு இதில் பங்கில்லை. அது தன்பாட்டுக்குச் சுற்றட்டும். தென்மராட்சியில் இருக்கிற வாத்தியார் இதை வாசித்தால் வாசிக்கட்டும்: உம்மை வேண்டாமென்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை, தம்பி. நாலு ஞாயிறு உமக்குத் தேத்தண்ணி வைத்தவள். அவள் பொய் சொன்னது ஒரே ஒரு தரம், கூட்டில் நின்று, கடவுளுக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டு. அந்தப் பொய்யையும் சொல்லுவித்தது நான்.

மண்டபத்துக் கல்லில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. கிணறு, கடை, மண்டபம் என்று என் பேருக்குக் கீழே வெட்டியிருக்கிற வரிசையில் இதையும் வெட்டச் சொல்லிக் கல் கொத்துகிறவனிடம் கேட்டேன். "உதை ஆர் ஐயா கலியாண வீட்டு வாசலிலை வெட்டுவினம்?" என்று சிரித்தான். வெட்டத்தான் வேண்டும். கட்டினதுக்கெல்லாம் என் பேரைப் போட்டவர்கள் இதுக்கு மட்டும் ஏன் பின்னிற்கிறீர்கள்? அந்த ஓம் என்னுடையது. அவளின் பேரை அதில் இருந்து எடுங்கோ. என்னுடைய பேரைப் போடுங்கோ.